பகலில் மலை சுற்றுவது: அடி அண்ணாமலை வழியாக ஒரு நாள் நடை

திருவண்ணாமலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் இரண்டு வகை. பௌர்ணமி அன்று சாயங்காலம் வந்து இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக 14 கிலோமீட்டர் சுற்றி, விடியுமுன் பஸ் பிடிக்கிறவர்கள் ஒரு வகை. காரில் வந்து பெரிய கோயில், ரமணாசிரமம், முடிந்தால் விருபாட்ச குகை என்று மூன்று இடம் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டோடு கிளம்புகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டு பேருமே அந்த ஊரின் முக்கியமான விஷயத்தை சரியாகப் பார்ப்பதில்லை என்பது என் எண்ணம். முக்கியமான விஷயம்னா மலைதான். இருட்டில் மலை தெரியாது. காரில் போனால் ஒரே பக்கம்தான் தெரியும்.

அதனால் இது மூன்றாவது வழியைப் பற்றிய குறிப்பு. விசேஷம் எதுவும் இல்லாத ஒரு நாள், பகல் வெளிச்சத்தில், நடந்தே சுற்றுவது. பலன் என்ன, எந்தக் கிழமைக்கு எந்தப் பயன் என்பதெல்லாம் எழுத ஏராளமானவர்கள் இருக்கிறார்கள். நான் இங்கே பேசப்போவது கண்ணுக்குத் தெரிகிற மலையைப் பற்றி, அது எப்படித் தெரிகிறது, ஏன் அப்படித் தெரிகிறது, இன்னும் எவ்வளவு நாள் தெரியும் என்பதைப் பற்றி.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பயப்பட வேண்டாம், ஆறாம் வகுப்புக் கணக்குதான். கிரிவலப் பாதை 14 கி.மீ. அதை ஒரு வட்டம் என்று வைத்துக்கொண்டால் ஆரம் சுமார் 2.2 கி.மீ வரும் (உண்மையில் அது ஒழுங்கான வட்டம் இல்லை, சில இடத்தில் மலையை ஒட்டியும் சில இடத்தில் தள்ளியும் போகும்). மலையின் உயரம் 2,668 அடி என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அது கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்டது. ஊரே கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 180 மீட்டர் மேலே இருப்பதால், நடப்பவர் கண்ணுக்கு மலை சுமார் 630 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. 630-ஐ 2,200-ஆல் வகுத்தால் 0.286. கோணமாகச் சொன்னால் ஏறக்குறைய 16 டிகிரி.

16 டிகிரின்னா எவ்வளவு? கையை நேராக நீட்டி விரல்களை மடக்கிப் பிடியுங்கள். அந்த மூடிய கையின் அகலம் சுமார் 10 டிகிரி. ஒன்றரைக் கை உயரம், அவ்வளவுதான் மலை. பார்க்கும்போது வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்பது போல இருக்கும். அளந்தால் ஒன்றரைக் கை. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

புறப்படுகிற இடம் பெரிய கோயிலின் கிழக்கு ராஜகோபுரம். 11 நிலை, 217 அடி. கிருஷ்ணதேவராயர் தொடங்கி தஞ்சாவூர் செவ்வப்ப நாயக்கர் முடித்தது. கோயிலைப் பற்றி இந்தக் குறிப்பில் அதிகம் சொல்லப்போவதில்லை. உள்ளே வல்லாள கோபுரத்தை மட்டும் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். ஹொய்சள அரசர் மூன்றாம் வல்லாளர், வடக்கேயிருந்து வந்த படையெடுப்புகளுக்குப் பிறகு திருவண்ணாமலையையே தலைநகராக வைத்துக்கொண்டு ஆண்டவர். மதுரை சுல்தானோடு நடந்த போரில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அவர் தோலில் வைக்கோலை அடைத்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டிருந்ததை எழுதிவைத்தது யார் தெரியுமா? புகாராவும் சமர்கந்தும் பார்த்துவிட்டு இந்தியாவுக்கு வந்த இபின் பதூதா. கொன்ற சுல்தானின் மனைவியும் இபின் பதூதாவின் மனைவியும் அக்கா தங்கை. உலகம் எப்போதும் சின்னதாகத்தான் இருந்திருக்கிறது. வல்லாளருக்குப் பிள்ளை இல்லை, அண்ணாமலையாரே பிள்ளையாக வந்தார் என்பது ஊர்க் கதை. இன்றைக்கும் மாசி மகத்தன்று சுவாமி பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் அவருக்குத் திதி கொடுக்கிறார்.

சரி, நடை. மலை எப்போதும் வலது கைப் பக்கம் இருக்கும்படி சுற்ற வேண்டும். எட்டுத் திசைக்கு எட்டு லிங்கம்: கிழக்கே இந்திரன், பிறகு அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், வடகிழக்கில் ஈசானியம். பக்தருக்கு இது எட்டுக் கோயில். மேப் இல்லாத காலத்து நடைப்பயணிக்கு இது திசைகாட்டியும்கூட. எமலிங்கம் வந்துவிட்டால் நீங்கள் மலைக்குத் தெற்கே, வருண லிங்கம் வந்தால் மேற்கே. ஆனால் லிங்கங்களுக்கு நடுவே தூரம் சமமாக இருக்காது. ஊருக்குள் நெருக்கமாகவும், மலைக்கு அந்தப் பக்கம் போகப் போக இடைவெளி விட்டும் வரும். முதல் தடவை போகிறவர்கள் மூன்று லிங்கம் சீக்கிரம் வந்துவிட்ட தைரியத்தில் வேகமாக நடந்து, நிருதி தாண்டியதும் கால் வலித்து உட்கார்ந்துவிடுவார்கள். நிறைமாத கர்ப்பிணி மாதிரி நடக்கணும் என்று பெரியவர்கள் சொல்லுவாங்க. அது பக்தி மட்டும் இல்லை, நல்ல வேகக் கணக்கு.

தெற்குப் பக்கம் செங்கம் சாலை. அக்னி லிங்கம், சேஷாத்திரி சுவாமிகள் ஆசிரமம், ரமணாசிரமம் எல்லாம் இதில்தான். இது கிருஷ்ணகிரி, பெங்களூரு போகிற நெடுஞ்சாலையும்கூட. லாரி ஹாரனோடுதான் நடக்க வேண்டும். ரமணர் 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி 16 வயசுப் பையனாக இந்த ஊருக்கு வந்தவர், 1950-இல் உடலை விடும் வரை வேறெங்கும் போகவில்லை. 1926 வாக்கில் நிறுத்தும் வரை அவர் மலையைச் சுற்றாத காலம் குறைவு. அந்தச் சுற்றுகள் ஒரே மூச்சில் முடிந்தவையும் இல்லை. வழியில் தங்கி, சமைத்து, இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொண்டு சுற்றியதும் உண்டு. வழியில் இன்னும் மிச்சமிருக்கிற மண்டபங்களைப் பார்த்தால் அது விளங்கும். மூன்றரை மணி நேரத்தில் சுற்றி முடிக்க வேண்டிய பாதைக்கு இத்தனை மண்டபமும் இத்தனை குளமும் எதற்கு?

குளங்கள் என்றதும் தீர்த்தம், பாவம் போகும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். மலையில் விழுகிற மழை நாலா பக்கமும் ஓடை ஓடையாக இறங்குகிறது. ஒவ்வொரு ஓடை வாயிலும் ஒரு குளமோ ஏரியோ. அக்னி தீர்த்தம், சாலை ஓரத்தில் சிங்க வாய்க்குள் இறங்குகிற மாதிரி கட்டிய சிம்ம தீர்த்தம், தெற்கே சமுத்திரம் ஏரி. மலையே ஒரு கூரை, சுற்றியுள்ள குளமெல்லாம் அதன் அடியில் வைத்த அண்டா. கூரைத் தண்ணீரை வீணாக்காத வீட்டுக்காரர்கள் இந்த ஊரை அமைத்திருக்கிறார்கள். கோடையில் காய்ந்து கிடக்கும்போது பாருங்கள், வரத்துக் கால்வாய் எங்கே இருந்தது, இப்போது அதன்மேல் என்ன நிற்கிறது என்று தெளிவாகத் தெரியும்.

செங்கம் சாலையிலிருந்து வலது பக்கம் கிரிவலப் பாதை பிரிகிறது. லாரிச் சத்தம் போய்விடும். மலைப் பக்கம் காப்புக்காடு. இங்கேதான் நடை நடையாகிறது. ரொம்ப காலம் மொட்டையாகக் கிடந்த மலை இது. வெட்டியது, மேய்ந்தது, கோடையில் காய்ந்த புல்லில் பற்றிக்கொண்ட தீ என்று எல்லாமாகச் சேர்ந்து மரத்தை அழித்துவிட்டன. 1980-களின் கடைசியிலிருந்து ஊர்க்காரர்களும் வெளியிலிருந்து வந்து தங்கியவர்களும் சேர்ந்து கன்று நட்டு, தண்ணீர் சுமந்து ஊற்றி, தீத்தடுப்புக் கோடு வெட்டி வளர்த்த பச்சைதான் இப்போது நீங்கள் பார்ப்பது. பழைய ஆசிரமப் புகைப்படங்களையும் இன்றைய மலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம்ப முடியாது.

வழியில் நந்திகளைக் கவனியுங்கள். ஏதோ ஒரு லிங்கத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் என்று எதிர்பார்த்தால், அது மலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். நந்தி சிவனைப் பார்ப்பது வழக்கம். அப்படியானால் சிவன் எது என்று அது சொல்லிவிடுகிறது. கருவறை இல்லை, பூசாரி இல்லை, ஒரு கல் மாடும் எதிரே ஒரு மலையும். இந்த ஊரின் சமயம் முழுவதையும் அதைவிடச் சுருக்கமாகச் சொன்ன எதையும் நான் பார்த்ததில்லை.

இனி அந்த 16 டிகிரிக் கணக்குக்கு வருவோம். சுற்றி வரும்போது மலை உருவம் மாறிக்கொண்டே போகும். ஊர்ப் பக்கத்திலிருந்து ஒற்றைக் கூம்பு. நடக்க நடக்க இரண்டாகப் பிரியும், அதை சிவசக்தி என்பார்கள். மூன்றாகத் தெரிகிற இடம் மும்மூர்த்தி. சுற்றின் கடைசிப் பகுதியில் ஐந்து முகடு தெரிகிற இடம் பஞ்சமுக தரிசனம். ஒரே மலை எப்படி ஐந்தாகும்?

இது உண்மையில் ஒற்றை மலை இல்லை. நடுவே ஒரு சிகரம், அதிலிருந்து பாதையை நோக்கிக் கை நீட்டியது போலப் பல கிளைக் குன்றுகள். உங்களிடமிருந்து 2,200 மீட்டர் தள்ளி 630 மீட்டர் உயரத்தில் சிகரம் இருக்கிறது. உங்களுக்கு 700 மீட்டர் தூரத்தில் வெறும் 200 மீட்டர் உயரமுள்ள ஒரு குன்று இருந்தால்? 200-ஐ 700-ஆல் வகுங்கள். 0.286. அதே கோணம், அதே ஒன்றரைக் கை. மூன்றில் ஒரு பங்கு உயரம்கூட இல்லாத குன்று, சிகரத்துக்குச் சமமாகத் தோளோடு தோள் நிற்கும். இன்னும் நூறு மீட்டர் நெருங்கிப் போனால் சிகரத்தையே மறைத்துவிடும். கொஞ்சம் நகர்ந்தால் வழிவிடும். கண்ணால் இதை அளந்து, இந்த இடத்தில் நின்றால் இரண்டு, இந்த இடத்தில் ஐந்து என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்த காலத்தில் அந்த இடங்களிலிருந்து மலை தடையில்லாமல் தெரிந்தது என்பதற்கு அந்தப் பெயர்களே சாட்சி.

கிரிவலத்தில் பாதையின் இடது ஓரமாக நடக்க வேண்டும், மலையை ஒட்டிய வலது ஓரம் தேவர்களும் சித்தர்களும் நடக்க விடப்பட்டது என்று ஒரு வழக்கம் உண்டு. காரணம் இதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வலது ஓரத்தில் ஒரு மூன்றரை மீட்டர் உயரக் கடை இருந்தால், அது உங்கள் கண்மட்டத்துக்கு மேல் 2 மீட்டர். அதிலிருந்து 7 மீட்டர் தள்ளி நடந்தால்தான் கடைக்கு மேலே சிகரம் தெரியும். ஒட்டி நடந்தால் தகரக் கூரைதான் தரிசனம். சித்தர்களுக்கு வழிவிட்டவர்களுக்கு மலை தெரிகிறது.

வருண லிங்கம் தாண்டி அடி அண்ணாமலை. நடையில் பாதிக்கு மேல் முடிந்திருக்கும், டீ குடிக்க வேண்டிய இடம். ஒரு கடையில் நாங்கள் வேர்த்துப்போய் உட்கார்ந்ததைப் பார்த்து அங்கிருந்த அக்கா கேட்டார்: “இன்னா சார், வெயில்ல சுத்தினு வரீங்க? பௌர்ணமிக்கு ராத்திரில வரலாம்ல?”

“மலையைப் பாக்கணும்க்கா, ராத்திரில தெரியாதே.”

“மலை எங்க போவப் போவுது!”

அந்த ஊரின் பெயரே ஒரு சின்னப் புதிர். ஊர்ப் பெயர் அடி அண்ணாமலை. கோயில் பலகையில் ஆதி அருணாசலேஸ்வரர். இன்னும் சிலர் அணி அண்ணாமலை என்கிறார்கள். ஒரு எழுத்து மாறினால் ஊரின் தகுதியே மாறிவிடுகிறது. ‘ஆதி’ என்றால் இதுதான் முதல் கோயில், பெரிய கோயில் பிறகு வந்தது. பிரம்மா பிரதிஷ்டை செய்த லிங்கம் என்பது தலபுராணம். ‘அணி’ என்பதற்குத் தேவாரத்தைக் காட்டுவார்கள். அப்பர் ஒரு பதிகத்தில் அண்ணாமலையை ‘அணி’ என்ற சொல்லைச் சேர்த்துத்தான் பாட்டுக்குப் பாட்டு விளிக்கிறார். எனக்கு அது ஊர்ப் பெயராகப் படவில்லை, ‘அழகிய’ என்று சொல்கிற அடைமொழியாகத்தான் படுகிறது. ‘அடி’ எளிமையானது: மலையடி. நம்ம ஊர் மலைகளுக்குக் கீழே எத்தனை அடிவாரங்கள் இருக்கின்றன! ஆனால் இந்த மலைக்கு மட்டும் அடி என்ற சொல் சும்மா வராது. பிரம்மா முடியைத் தேடிப் போனதும் விஷ்ணு அடியைத் தேடிப் போனதும் இரண்டு பேரும் தோற்றதும் இங்கேதான். அண்ணா மலை என்றால் நெருங்க முடியாத மலை என்றே பொருள் சொல்வார்கள். அடியே காண முடியாத மலைக்கு அடி அண்ணாமலை என்று ஒரு ஊரும் அங்கே ஒரு டீக்கடையும். கோயிலில் இருந்த பெரியவரிடம் அடியா ஆதியா என்று கேட்டதற்கு, “ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா, நீ மொதல்ல உள்ள போய் சாமியப் பாரு” என்று முடித்துவிட்டார்.

உள்ளே அமைதி. பெரிய கோயிலின் வரிசை, கம்பித் தடுப்பு, டோக்கன் எதுவும் சாதாரண நாளில் இங்கே இல்லை. நடந்து வந்தவர்கள் தூணில் சாய்ந்து உட்காரலாம்.

பக்கத்திலேயே மாணிக்கவாசகருக்கு ஒரு சின்னக் கோயில். திருவெம்பாவை அவர் பாடியது இந்த ஊரில் என்பது நெடுநாள் மரபு. மார்கழி விடியலில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி எழுப்பிக்கொண்டு நீராடப் போகிற பாட்டு அது. இங்கே கொஞ்சம் என் கற்பனையும் கணக்கும் கலந்த ஒன்றைச் சொல்கிறேன், பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அடி அண்ணாமலை இருப்பது மலைக்கு மேற்கு, வடமேற்குப் பக்கம். மார்கழியில் சூரியன் கிழக்கிலிருந்து தெற்கே சாய்ந்து எழும். ஆகவே மலையின் காலை நிழல் நேர் எதிரே, வடமேற்குப் பக்கம் விழும். நம்ம அட்சரேகையில் சூரியன் மணிக்கு 15 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக மேலே ஏறுகிறது. 16 டிகிரி உயர மலையைத் தாண்டி வர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அதாவது கிழக்கே ஊருக்குள் வெயில் விழுந்து கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கழித்துத்தான் நிழலுக்குள் இருக்கிற இந்தப் பக்கத்து வாசல்களுக்கு வெயில் வரும். வானம் வெளுத்துவிடும், சூரியன் மட்டும் வராது. இன்னும் விடியலையா என்று படுத்திருக்கிறவளை எழுப்ப இதைவிடப் பொருத்தமான இடம் உண்டா? சாயங்காலம் இதன் மறுபக்கம். மலைக்குக் கிழக்கே இருக்கிற ஊர் சீக்கிரம் நிழலுக்குள் போய்விடும், அடி அண்ணாமலைக்கு வெயில் கடைசி வரை கிடைக்கும்.

பகல் நடைக்கு இதில் ஒரு நடைமுறை லாபமும் இருக்கிறது. ஐந்து மணிக்குக் கிளம்பினால், மார்கழி தை மாதங்களில், மேற்குப் பக்கம் வரும்போதும் வெயில் முழுசாக ஏறியிருக்காது. மலையே குடை பிடிக்கும். சித்திரையில் பத்து மணிக்கு வெறுங்காலோடு கிளம்பினால் தார்ச்சாலை உங்களுக்கு வேறு பாடம் நடத்தும்.

இப்போது எனக்கு உறுத்துகிற விஷயம். 200 மீட்டர் குன்று 700 மீட்டர் தூரத்தில் சிகரத்துக்குச் சமம் என்றோம். அதே விகிதத்தில் இன்னும் கிட்டே வாருங்கள். 35 மீட்டர் தூரத்தில் கண்மட்டத்துக்கு மேல் 10 மீட்டர் உயரம் இருந்தால் போதும். அதுவும் 0.286. அதாவது தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடி போட்ட ஒரு சாதாரண லாட்ஜ் கட்டடம், சாலையிலிருந்து 35 மீட்டருக்குள் வலது பக்கம் எழுந்தால், அந்த இடத்தில் 630 மீட்டர் மலை இல்லை. பிரம்மாவும் விஷ்ணுவும் முடியாததை ஒரு கான்கிரீட் கலவை மெஷின் மூன்று மாதத்தில் முடித்துவிடும்.

மலை எங்க போவப் போவுது என்ற கேள்விக்குப் பதில் இதுதான். மலை எங்கேயும் போகாது, தெரியாமல் போகும். காப்புக்காடு ஒட்டிய பகுதியில் இந்த ஆபத்து குறைவு. ஊர் ஆரம்பிக்கிற, முடிகிற பகுதிகளிலும், கிராமங்கள் சாலையை ஒட்டி வளர்கிற பகுதிகளிலும் வருஷத்துக்கு வருஷம் வித்தியாசம் தெரிகிறது. 1990-களுக்குப் பிறகு பௌர்ணமிக் கூட்டம் லட்சக்கணக்கில் பெருகியது. கூட்டத்துக்குத் தங்க இடம் வேண்டும், சாப்பிட இடம் வேண்டும், கழிப்பறை வேண்டும், வண்டி நிறுத்த இடம் வேண்டும். யாரும் மலையை மறைக்க வேண்டும் என்று கட்டவில்லை. மலையைப் பார்க்க வருகிறவர்களுக்காகத்தான் கட்டுகிறார்கள். பாதையை அகலப்படுத்த மரம் வெட்டியபோது அது பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது, மரத்துக்காகப் பேச ஆட்கள் இருந்தார்கள். பார்வைக்காகப் பேசும் சட்டம் எதுவும் அங்கே என் கண்ணில் படவில்லை.

ஊர் மலைமேலும் ஏறிவிட்டது. கிழக்குச் சரிவில் வீட்டுக்கு மேல் வீடாகப் படி போலத் தெரியும். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகர்ப் பக்கம் மண்ணும் பாறையும் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள், அதில் ஐந்து பேர் குழந்தைகள். அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்குப் பக்தர்களை மலை ஏற விடவில்லை. அங்கே வீடு கட்டியவர்களைக் குறை சொல்வது சுலபம். சமதளத்தில் ஒரு சென்ட் நிலம் என்ன விலை என்று விசாரித்தால் அவர்கள் ஏன் மேலே போனார்கள் என்று புரியும். அந்த விலை ஏறியதற்கும் கிரிவலக் கூட்டத்துக்கும் சம்பந்தம் உண்டு.

பார்வையைக் காப்பாற்றுவது என்பது நடக்காத காரியம் இல்லை. லண்டனில் ரிச்மண்ட் பூங்காவில் ஒரு சின்ன மேடு இருக்கிறது, அங்கிருந்து 16 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற செயின்ட் பால் தேவாலயத்தின் கும்மட்டம் தெரியும். அந்த ஒரு பார்வைக் கோட்டை மறைத்து நகரத்துக்குள் உயரக் கட்டடம் எழுப்ப விதி இடம் கொடுப்பதில்லை. இன்னும் பொருத்தமான உதாரணம் ஜப்பானின் கியோட்டோ. அங்கே ஆகஸ்ட் 16 இரவு நகரத்தைச் சுற்றியுள்ள மலைகளில் எழுத்து வடிவில் தீ மூட்டுவார்கள், முன்னோர் ஆவிகளை வழியனுப்ப. 2007-இல் அந்த நகராட்சி கட்டட உயரத்தை இறுக்கிப் பிடித்தபோது, இந்தத் தீ ஆற்றங்கரையிலிருந்து தெரிய வேண்டும் என்பதையும் விதியில் சேர்த்தது. மலை உச்சியில் தீபம், அதைக் கீழேயிருந்து பார்க்கிற ஊர். நமக்குத் தெரியாத கதையா?

இதற்கு வெள்ளைக்காரன், ஜப்பான்காரன் எல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நம்ம சம்பந்தர் இருக்கிறார். பெரியபுராணம் சொல்கிறபடி, அவர் அண்ணாமலையை முதலில் கண்டது திருக்கோவிலூர்ப் பக்கம் அறையணிநல்லூர்ப் பாறைமேல் நின்று, இன்றைய அரகண்டநல்லூர். அடியார்கள் அங்கிருந்து மலையைக் காட்ட, பார்த்ததும் பாடினார். இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 35 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் அங்கிருந்து மலை ஒரு டிகிரி உயரம்தான். கை நீட்டினால் சுண்டுவிரல் அகலம். சுண்டுவிரல் அகல மலையைப் பார்த்துப் பதிகம் பாடிய ஊரில், ஒன்றரைக் கை உயர மலையைப் பக்கத்தில் நின்று பார்க்க முடியாமல் செய்துகொண்டிருக்கிறோம்.

மீதி நடையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாயு லிங்கம், பிறகு குபேர லிங்கம். குபேரனிடம் மட்டும் சாதாரண நாளிலும் வரிசை நிற்கும், காரணம் சொல்லத் தேவையில்லை. அடுத்து இடுக்குப் பிள்ளையார். ஒருக்களித்துப் படுத்து ஊர்ந்துதான் வெளியே வர முடிகிற கல் இடுக்கு. இடைக்காட்டுச் சித்தர் அமைத்தது என்பார்கள். என்னைவிடப் பருமனானவர்கள் சிரமம் இல்லாமல் வந்துவிட்டார்கள், உடம்பைத் தளர விட வேண்டும், அவ்வளவுதான். அங்கிருந்து பக்கம்தான் பஞ்சமுக தரிசனம். நின்று நிதானமாக எண்ணுங்கள். எது சிகரம், எது கிட்டே நிற்கிற சின்னக் குன்று என்று இப்போது உங்களால் பிரித்துச் சொல்ல முடியும். அதன் பிறகு ஊர் நெருங்கி வந்து வலது பக்கத்தை அடைத்துக்கொள்ளும். கடைசியில் சுடுகாட்டுப் பக்கம் ஈசானிய லிங்கம், பிறகு மறுபடி தேரடி வீதி.

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு சின்ன நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு லிங்கத்துக்கு எதிரிலும், தரிசனம் என்று பெயர் வைத்த ஒவ்வொரு இடத்திலும் சாலையின் இடது ஓரம் நின்று கையை நீட்டிப் பிடியுங்கள். அந்த ஒன்றரைக் கைக்குள் மலை எவ்வளவு, கட்டடம் எவ்வளவு என்று தேதியோடு குறித்து, அதே இடத்திலிருந்து ஒரு போட்டோவும் எடுத்து அனுப்புங்கள். போன தை மாதத்திலிருந்து நான் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன், அதில் சேர்த்துக்கொள்கிறேன்.